சிங்கப்பூர் – நியூயார்க்: 15,340 கி.மீ., ஒரே தேதியில் இரண்டு மாலை

முதல் நாள்: உருண்டையில் நூல்

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் இடத்துக்கு ஒரு எண் வரும். ஒன்றில் 15,332, இன்னொன்றில் 15,349, மூன்றாவதில் 15,344. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஊரின் நடுவிலிருந்து அளக்கிறார், ஒருவர் விமான நிலையத்திலிருந்து. ஒருவர் பூமியைச் சீரான உருண்டையாக வைத்துக்கொள்கிறார், ஒருவர் துருவங்களில் சற்றுத் தட்டையானதாக. நியூயார்க் பக்கம் இறங்குமிடமே இரண்டு: குவீன்ஸில் இருக்கும் ஜேஎஃப்கே, ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் இருக்கும் நியூவர்க். இரண்டுக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. தூரத்தில் பத்து இருபது கிலோமீட்டர்தான் மாறும். பதினைந்தாயிரத்தில் அது தூசு.

எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கி வட அட்சம் 1.35, கிழக்குத் தீர்க்கம் 103.99. ஜேஎஃப்கே வட அட்சம் 40.64, மேற்குத் தீர்க்கம் 73.78. மேற்கு என்பதால் தீர்க்கத்துக்குக் கழித்தல் குறி போட வேண்டும், அதனால் வித்தியாசம் 177.77 டிகிரி. இனி இரு அட்சங்களின் சைன்களைப் பெருக்கினால் 0.0153. இரு அட்சங்களின் கோசைன்களோடு தீர்க்க வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கினால் −0.7580. இரண்டையும் கூட்டினால் −0.7427. இந்தக் கோசைனுக்கு உரிய கோணம் 137.96 டிகிரி. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. விடை ஏறத்தாழ 15,340 கி.மீ., கடல் மைலில் 8,280.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். கணிப்பான் டிகிரிக்குப் பதில் ரேடியனில் நின்றுகொண்டிருக்கும். அல்லது மேற்குத் தீர்க்கத்தின் கழித்தல் குறி விட்டுப்போகும். குறி விட்டுப்போனால் விடை சுமார் 5,300 கி.மீ. நியூயார்க் கிர்கிஸ்தானில் வந்து உட்கார்ந்துவிடும்.

உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 20,000 கி.மீ.யைத் தாண்ட முடியாது. அது பூமிச் சுற்றளவில் பாதி. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புறம் இருப்பது ஈக்வடாரின் அமேசான் காடு. நியூயார்க் அதைவிட நமக்குப் பக்கம்தான்.

177.77 டிகிரி என்பது 180க்கு மிக நெருக்கம். அதாவது நியூயார்க் ஏறத்தாழ உலகின் மறுபக்கத் தீர்க்கரேகையில் இருக்கிறது. ஓர் உருண்டை மாதிரியை எடுத்து இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாகப் போய், வட துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளிக் கடந்து, கனடா வழியே இறங்கும். இதுதான் மிகக் குறுகிய வழி. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை.

இரண்டாம் நாள்: காற்றில் அளந்த தூரம்

தூரக் கணிப்பான்கள் கூடவே பயண நேரமும் சொல்லும். பலவும் செய்வது ஒரே வேலை: தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டும். 15,340ஐ அப்படி வகுத்தால் 19 மணி 40 நிமிடம். போகும்போதும் அதே, வரும்போதும் அதே. நிஜத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதே இல்லை.

ஏன் என்று புரிய, விமானம் எதில் வேகம் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஏர்பஸ் ஏ350 ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்குளிர் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகமே குறைந்து நொடிக்கு 295 மீட்டர்தான். ஆக விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. அளவு. இது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்து அல்ல. ஆற்றில் போகும் பரிசல் மாதிரிதான். துடுப்பு எவ்வளவு போட்டாலும் கரையைத் தாண்டும் வேகத்தை நீரோட்டமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நடு அட்சங்களுக்கு மேலே, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. சாதாரணமாகவே மணிக்கு 150 கி.மீ.க்கு மேல். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகே 300ஐயும் தாண்டும். இப்போது இரண்டு வழிகளை ஒப்பிடுங்கள்.

துருவ வழி 15,340 கி.மீ. காற்று முன்னும் பின்னுமாகச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் 900ஆல் வகுத்து 17 மணி 3 நிமிடம்.

டோக்கியோ பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டும் வழி சுமார் 16,200 கி.மீ. 860 கி.மீ. அதிகம். ஆனால் வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 980. நேரம் 16 மணி 32 நிமிடம்.

நீளமான வழி அரை மணி நேரம் குறைவு. விமானம் அனுப்புகிறவர்கள் இதையே காற்றுத் தூரம் என்று கணக்கிடுவார்கள்: 16,200 கி.மீ. தரைத் தூரம், விமானத்தைப் பொறுத்தவரை 14,880 கி.மீ. காற்றுதான். எரிபொருள் செலவாவதும் இந்த இரண்டாவது எண்ணுக்கே. வரைபடத்தில் நேர்கோட்டைத் தேடுவது நம் பழக்கம். தினமும் புதிதாக வரும் காற்று முன்னறிவிப்பைப் போட்டு, எரிபொருள் குறைகிற வழியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை. அதனால் நேற்றைய பாதையும் இன்றைய பாதையும் ஆயிரம் கி.மீ. விலகி இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திரும்பும்போது இன்னும் வேடிக்கை. நியூயார்க்கிலிருந்து பசிபிக் வழியே மேற்கு நோக்கி வந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். 16,200ஐ 820ஆல் வகுத்தால் 19 மணி 45 நிமிடம். எனவே திரும்பும் விமானம் துருவத்தை ஒட்டி வரலாம், அல்லது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியப் பெருங்கடல் பக்கமாக வரலாம். இரண்டாவது வழியில் வந்தால், போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ஒரு டிக்கெட்டில் பூமியை முழுதாக ஒரு சுற்று.

பயண நேரம் தெரிய வேண்டுமானால் கணிப்பானை விடுங்கள். விமான எண்ணைப் போட்டு, கடந்த பத்து நாட்களில் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். அதில் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாத எண் கூடப் பயன்படாது. ஜனவரிக் காற்று வேறு, ஜூலைக் காற்று வேறு.

மூன்றாம் நாள்: டிக்கெட்டும் தேதியும்

டிக்கெட்டில் அச்சாகும் 18 மணி சொச்சம் பறக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் இதில் அடங்கும். ஜேஎஃப்கேயில் மாலை நேரத்தில் இந்த ஊர்தல் அரை மணியைத் தாண்டுவது சாதாரணம். நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் எழுதிக்கொள்வார்கள். அரை மணி முன்னால் இறங்கினால் அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம், எழுதும்போதே கூட்டிவைத்ததுதான் அது.

இனி கடிகாரம். சிங்கப்பூர் உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி முன்னால். தீர்க்கரேகைப்படி பார்த்தால் 7 மணிதான் நியாயம். 1982இல் எட்டு என்று வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒரு மணி ஆகிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடைநேரத்தில் 4 மணி பின்னால். வித்தியாசம் முறையே 13 மணி, 12 மணி. கோடைநேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. அதாவது வருடத்தில் பெரும்பகுதி 12 மணி வித்தியாசம். கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், முள் அப்படியே இருக்கும். காலை என்பது மாலை ஆகும், அவ்வளவுதான். டிஜிட்டல் அலாரம் வைத்திருப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

தேதிக் கோட்டைத் தாண்டுகிறோமா, எந்தப் பக்கமாகத் தாண்டுகிறோம் என்று யோசித்தால் தலை சுற்றும். யோசிக்கவே வேண்டாம். புறப்படும் ஊரின் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டுங்கள். பிறகு மணி வித்தியாசத்தைக் கழியுங்கள் அல்லது கூட்டுங்கள். எந்த வழியாகப் போனாலும் விடை ஒன்றே.

சிங்கப்பூரில் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, 18 மணி 30 நிமிடம் பயணம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் அப்போது ஞாயிறு காலை 6.30. கோடைநேரத்தில் 12ஐக் கழித்தால் நியூயார்க்கில் சனி மாலை 6.30. அதே தேதி.

திரும்பும்போது நியூயார்க்கில் சனி இரவு 10.30க்குப் புறப்பாடு, 18 மணி 45 நிமிடம். அங்கே ஞாயிறு மாலை 5.15. அதோடு 12 கூட்டினால் சிங்கப்பூரில் திங்கள் காலை 5.15. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது? வானத்தில் போனது.

இந்தக் கணக்கைச் செய்யாமல் ஹோட்டல் போடுகிறவர்கள் தலைவலியை விலை கொடுத்து வாங்குகிறார்கள். போகும்போது மறுநாள் தேதிக்கு அறை போட்டுவிட்டு முதல் இரவு நடுத்தெருவில் நிற்பது ஒன்று. வரும்போது ஞாயிறு இரவுக்கு அறை போட்டுவிட்டு, வராத ஆளுக்குப் பணம் பிடித்தம் ஆவது இன்னொன்று. பயணக் காப்பீடு, விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றிலும் திரும்பும் தேதி இரண்டு நாள் தள்ளி இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். அது சிங்கப்பூர் தேதிக் கணக்கு, நியூயார்க் கணக்கு அல்ல.

நேரடி விமானம் வேண்டாம் என்பவர்களுக்குப் பிராங்பர்ட்டில் நின்று போகும் வழி உண்டு. சுமார் 16,500 கி.மீ., நிறுத்தத்தோடு ஏறத்தாழ 24 மணி நேரம். ஐந்தாறு மணி கூடுதல். பதிலுக்கு நடுவில் காலை நீட்டி நடக்கலாம், சாதாரண வகுப்பிலும் இடம் கிடைக்கும். நேரடி விமானத்தில் அந்த வகுப்பே கிடையாது. ஏன் என்பது ஐந்தாம் நாளில். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கி ஒட்டுப்போடுவது மட்டும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்கு ஒன்றும் கடன்படவில்லை.

நான்காம் நாள்: பெட்டி

கட்டும் பெட்டியில் இரண்டே விஷயம் கவனம்.

அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேல் தூள் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். சாம்பார்ப் பொடி, புரதத் தூள், முகப்பவுடர் எல்லாம் தூள்தான். தனியாகச் சோதிப்பார்கள், சோதித்துத் தெளிவாகவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள். 2018 முதல் இந்த நடைமுறை. செக்-இன் பெட்டியில் போட்டால் பிரச்சினை இல்லை.

பவர் பேங்க் நேர் எதிர். கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். பவர் பேங்க்கின் மேல் வாட்-மணி அச்சாகவில்லை என்றால் மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவும். 20,000 என்றால் 74. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் எதையும் சார்ஜ் செய்வதைத் தடை செய்திருக்கிறது. இருக்கையில் யூஎஸ்பி இருக்கிறது, கேபிளை எடுத்துக்கொண்டால் போதும்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர் நேரத்தை மறந்துவிட்டு 24 மணி இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி மாத்திரை அங்கே கோடையில் காலை 8 மணி மாத்திரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது. மருத்துவரிடம் மணிவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளவும். எல்லா மருந்தும் கைப்பையில்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை: நண்பகல் புறப்பாடு

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். குடிநுழைவைத் தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டி கேட்டில் காலியாகும். காலிப் புட்டியோடு போய், உள்ளே நுழைந்ததும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்க விமானங்களுக்குக் கூடுதல் கேள்விகளும் சோதனையும் இருக்கலாம் என்பதால் கேட் திறந்ததுமே போவது நல்லது.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர். மிக நீண்ட தூரத்துக்கென்று திருத்தப்பட்ட ரகம். உலகத்திலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் மட்டும், ஏழு விமானங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஏ350தான். வித்தியாசம் எரிபொருள் அமைப்பில்: சாதாரண ரகத்தில் 141,000 லிட்டர் கொள்ளும், இதில் 165,000 லிட்டர். புதிய தொட்டி எதுவும் பொருத்தவில்லை, இருக்கும் தொட்டிகளையே இன்னும் மேலே வரை நிரப்பும்படி குழாய்களை மாற்றியிருக்கிறார்கள்.

லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் அது 132 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்கிச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும், மணிக்கு 3 முதல் 4 சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும் என்பது துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. 18 மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் போய்விடும். இதனால்தான் ஆளைக் குறைத்தார்கள். அதே நிறுவனத்தின் சாதாரண நீண்டதூர ஏ350இல் 253 இருக்கை. இதில் 161: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. முன்பக்கச் சரக்கறையும் பயன்பாட்டில் இல்லை. சாதாரண வகுப்பு ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொகுசு அல்ல, எடை.

இந்த வழித்தடம் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 2004 ஜூனில் நான்கு என்ஜின் ஏ340-500ஐ வைத்து நியூவர்க்குக்குத் தொடங்கினார்கள். கடைசியில் 100 பிசினஸ் இருக்கை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் விலைக்குத் தாங்காமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு என்ஜின் ஏ350 வந்ததும் 2018 அக்டோபர் 11 அன்று நியூவர்க்குக்கு மீண்டும் தொடங்கியது. ஜேஎஃப்கேக்கு 2020 நவம்பரிலிருந்து. தூரம் மாறவில்லை, என்ஜின் மாறியது.

மேலே ஏறிய பிறகு திரையில் உயரத்தைக் கவனியுங்கள். முதல் சில மணி நேரம் 31,000 – 33,000 அடியிலேயே நிற்கும். கனம் அதிகம், அதற்கு மேல் ஏறினால் இறக்கைக்குப் பிடிமானம் போதாது. எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக ஏறி, கடைசியில் 39,000 – 41,000 அடி. விமானம் பாதி வழியில் உயர்ந்தால் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

முன்னால் நான்கு விமானிகள், இரண்டிரண்டு பேராக முறை மாற்றிக்கொள்வார்கள். மற்ற இருவர் படுக்கையறையில்.

வெளிச்சம்தான் இந்தப் பயணத்தின் விசித்திரம். நண்பகலில் புறப்பட்டு வடகிழக்கே போகிறோம், சூரியன் எதிர்த் திசையில் போகிறது. நான்கைந்து மணி நேரத்தில், ஜப்பான் பக்கம், இருட்டிவிடும். பசிபிக்கின் மேல் ஏழு மணி நேர இரவு. பன்னிரண்டாவது மணி சுமாருக்கு, அலாஸ்காவுக்குத் தெற்கே, விடியும். அதே சனிக்கிழமை மறுபடி விடிகிறது. கனடாவின் மேல் பகல் முழுக்க ஓடி, நியூயார்க்கில் இறங்கும்போது இரண்டாவது மாலை.

எப்போது தூங்குவது? முதல் இருட்டில் முடிந்தவரை. சிங்கப்பூர் உடம்புக்கு அது மாலை 4.30 – 11.30, எளிதில் தூக்கம் வராது, மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். கடைசி ஆறு மணி நேரத்தில்தான் உடம்பு இடித்துத் தள்ளும். அங்கே விட்டுக்கொடுத்தால் இறங்கியதும் விடிய விடிய விழிப்பு. ஒரு மணி நேரக் குட்டித் தூக்கத்தோடு நிறுத்துங்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. அப்படியும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பதறத் தேவையில்லை, ஆனால் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முன்பு உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே ஏற வேண்டும். நடைபாதை ஓரச் சீட்டு எடுப்பது இதற்காகத்தான். ஜன்னல் காட்சிக்கு ஆசைப்பட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பதினெட்டு மணி நேரமும் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே சனிக்கிழமை, மாலை: ஜேஎஃப்கே

சக்கரம் தரையைத் தொட்டால் பயணம் முடிந்தது என்று எழுதுகிற அட்டவணைகளை நம்ப வேண்டாம். குடிநுழைவு வரிசை அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். ஒரே நேரத்தில் எத்தனை பெரிய விமானங்கள் வந்தன என்பதைப் பொறுத்தது. அங்கிருந்து மன்ஹாட்டனுக்கு ஏர்டிரெயினில் ஜமைக்கா நிலையம், பிறகு ரயில். காரில் போனால் சாலை அன்று எந்த மனநிலையில் இருக்கிறதோ அப்படி.

வீட்டு வாசலிலிருந்து கூட்டிப் பாருங்கள்: சாங்கிக்கு அரை மணி, அங்கே இரண்டரை மணி, விமானம் பதினெட்டரை, குடிநுழைவும் பெட்டியும் ஒன்றரை, ஊருக்குள் ஒரு மணி. இருபத்து நான்கு. சரியாக ஒரு நாள். மேலும் இங்கிருந்து வேறொரு அமெரிக்க ஊருக்கு விமானம் மாற வேண்டுமானால், பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். மூன்று மணிக்குக் குறைந்த இடைவெளி சூதாட்டம்.

ஆறாம் நாள் முதல்: உடம்பின் கடிகாரம்

பன்னிரண்டு மணி என்பது உடம்புக்கு வரக்கூடிய மிகப் பெரிய மாற்றம். அதைவிடப் பெரியது கிடையாது, பதின்மூன்று என்பது மறுபக்கம் பதினொன்றுதான்.

உடலின் வெப்பம் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் மிகத் தாழ்ந்து நிற்கும். பெரும்பாலோருக்கு அதிகாலை 4 மணி சுமார். அந்தப் புள்ளிக்கு முன்னால் வெளிச்சம் பட்டால் உள்கடிகாரம் பின்னே தள்ளும், பின்னால் பட்டால் முன்னே இழுக்கும். சிங்கப்பூரின் அதிகாலை 4 நியூயார்க்கின் மாலை 4. மனித உடம்புக்கு நாளை நீட்டுவது குறுக்குவதைவிட எளிது என்பதால் பின்னே தள்ளும் வழியைப் பிடிப்பதே உத்தமம். ஆகவே முதல் நாள் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை வெளியே வெயிலில் இருங்கள். 4 மணிக்குப் பிறகு கறுப்புக் கண்ணாடி, அல்லது அறைக்குள். நாளுக்கு ஒன்றரை மணி வீதம் அந்தப் புள்ளி நகரும்: 5.30, 7, 8.30. வெளிச்சம் தேடும் நேரத்தையும் கூடவே நகர்த்துங்கள். முழுதாகச் சரியாக எட்டு நாள் ஆகும்.

இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மாலை 5 மணி வெயிலில் பூங்காவில் நடந்து, ஒரு வாரமாகியும் தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. அவர்கள் உடம்பை ஒரு நாள் முன்னே இழுக்கிறார்கள், மறுநாள் பின்னே தள்ளுகிறார்கள்.

நான்கு நாள் வேலைக்காக மட்டும் போகிறவர்கள் இந்தப் பாடே படவேண்டாம். பாதி சரியாகும்போது திரும்பும் நாள் வந்துவிடும். முக்கியமான கூட்டங்களைக் காலை 8 – 10க்கு வைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு அது இன்னும் சிங்கப்பூர் இரவு 8 – 10. மதியம் 2 முதல் 6 வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை இரவு: திரும்புதல்

இரவு 10.30 புறப்பாடு உடம்புக்கு இசைவானது. முதல் எட்டு மணி நேரத்தைத் தூங்கிவிடலாம். சிக்கல் அதன் பிறகுதான். காலை 5.15க்குச் சிங்கப்பூரில் இறங்கினால் இரவு வரை ஒரு முழுப் பகல் காத்திருக்கிறது. கடைசி ஐந்து மணி நேரத்தில் இன்னொரு இரண்டு மணித் தூக்கம் போட்டால் அந்தப் பகலைத் தள்ளலாம்.

துருவ வழியில் வந்தால் திரையில் வெளிவெப்பத்தைப் பாருங்கள். சில நாட்களில் மைனஸ் 65க்கும் கீழே போகும். அமெரிக்காவில் பெரும்பாலும் நிரப்புவது ஜெட் ஏ என்ற ரகம், அதன் உறைநிலை மைனஸ் 40. மற்ற நாடுகளில் புழங்கும் ஜெட் ஏ-1க்கு மைனஸ் 47. இறக்கைத் தொட்டியில் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிரும், பல மணி நேரம் கழித்தே ஆபத்தை நெருங்கும். உறைநிலைக்கு மூன்று டிகிரி மேலே இருக்கும்போதே விமானிகள் செயல்பட வேண்டும். வழி மூன்று: கீழே இறங்கிச் சூடான காற்றைத் தேடுவது, பாதையை மாற்றுவது, வேகத்தைக் கூட்டுவது. ஒலிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட்டினால் காற்று உராய்ந்து இறக்கையின் மேல் அரை டிகிரிக்குச் சற்று மேல் சூடு ஏறும். மூன்றுமே எரிபொருளைக் கூடுதலாகத் தின்னும். திடீரென விமானம் தாழ்ந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

78 டிகிரி வடக்குக்கு மேல் போகும் அமெரிக்க நிறுவன விமானங்களுக்கு அந்நாட்டு விமானத் துறை தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அவசரமாக இறங்க வேண்டிய நிலையங்களின் பட்டியல், இறங்கிய பயணிகளை மீட்கும் திட்டம், விமானத்துக்குள் குறைந்தது இரண்டு குளிர்தாங்கும் உடைகள். 82 டிகிரிக்கு மேல் நிலநடுக்கோட்டுச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், அவற்றை நம்பிய இணையமும் தொடர்பும் அறுந்துபோகலாம். பழைய சிற்றலை வானொலிதான் கை கொடுக்கும். சூரியப் புயல் வந்தால் அதுவும் படுத்துவிடும், அன்றைக்குத் துருவ வழியையே விட்டுவிடுவார்கள். அட்டவணையில் இருந்த நேரத்தோடு முக்கால் மணி கூடும்.

ஏதாவது ஒரு வான்வெளி மூடப்பட்டாலும் இதே கதை. புறப்படும் நாளன்று காலையில் விமான எண்ணைப் போட்டு முந்தைய மூன்று நாள் பாதையைப் பார்த்துவிடுங்கள். கோடு திடீரென வளைந்திருந்தால், வந்து அழைத்துப்போகிறவரிடம் ஒரு மணி நேரம் தள்ளியே சொல்லி வையுங்கள்.

பதினான்காம் நாள், திங்கள், காலை 5.15. பதின்மூன்றாம் நாளுக்குப் பதிவு இல்லை.